அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்

நம் வீடுகளில் ஒரு பழைய வாக்கியம் உண்டு. தந்தை எப்பொழுது திரும்புவார், திரும்புவாரா என்பதே தாய்க்கு நிச்சயமில்லாத நாட்களில், திண்ணையில் உட்கார்ந்து தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம், "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்" என்று சொல்லுவார்கள். எந்த ஊர், எதற்காக என்று குழந்தை கேட்டால் விடை இராது. ஆனால் குழந்தை சொன்னவருடைய முகத்தைப் பார்க்கும். தான் உள்ளே நுழைந்ததும் கூடத்தில் பேச்சு நின்றுபோவதைக் கவனிக்கும். தபால்காரர் தன் வீட்டைத் தாண்டிப் போகும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும். மறைக்கப்படுவது இன்னதென்று அதற்குத் தெரியாவிட்டாலும், ஏதோ மறைக்கப்படுகிறது என்பது மாத்திரம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மனிதன் பூமியின் ஈர்ப்பை மீறி ஆகாயத்தை எட்டிப்பிடித்த அந்த மகத்தான காலத்தில், இந்த வாக்கியம் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் எத்தனையோ குடும்பங்களில், சர்க்காருடைய ஆணையின் பேரிலேயே சொல்லப்பட்டு வந்தது. விண்வெளியைப் பற்றிய சிறுவர் நாவல் என்று இன்று நாம் வழங்கும் இலக்கிய வகை, ராக்கெட்டின் நெருப்பிலும் புகையிலும் பிறந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். அதன் உயிர் இருப்பது, காத்திருக்கும் குழந்தையிடம் பெரியவர்கள் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில்தான் என்பது என் துணிபு.

ஆகாய யாத்திரைக் கதைகள் அதற்கு முன்பும் இருந்தன. 1865இல் ஜூல்ஸ் வெர்ன் என்ற பிரெஞ்சு நாவலாசிரியர் பிரம்மாண்டமான பீரங்கியொன்றிலிருந்து மூன்று மனிதரைச் சந்திரனை நோக்கிச் சுட்டு அனுப்பினார். அவருடைய நூல்களால் தூண்டப்பெற்றவரும், சிறு வயதில் செங்காய்ச்சல் கண்டு செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவருமான கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பள்ளி ஆசிரியர், 1893இல் சந்திரனைப் பற்றிய கதையொன்றை வெளியிட்டார். 'பூமிக்கு வெளியே' என்ற அவருடைய நாவல் 1920இல் கலுகா நகரில் புத்தகமாக வந்தது. 1936இல் அலெக்சாந்தர் பெல்யாயெவ் என்பவர், தம் நாவலில் பூமியைச் சுற்றும் நிலையமொன்றைக் கற்பனை செய்து, அதற்குச் சியோல்கோவ்ஸ்கியுடைய பெயரின் முதலெழுத்துக்களையே பெயராகச் சூட்டினார். 1947இல் அமெரிக்கரான ராபர்ட் ஹைன்லைன், மூன்று இளைஞர்களை ஒரு விஞ்ஞானியுடன் ராக்கெட்டில் ஏற்றிச் சந்திரனுக்கு அனுப்பினார். இவை யாவும் வாசிக்கத்தக்க நூல்களே. ஆயினும் எப்படிப் போவது என்ற கேள்வியே இவற்றை நடத்திச் சென்றது. போனவரை எண்ணி வீட்டில் விழித்திருப்பவருடைய நெஞ்சத்தை இவை அதிகம் நாடவில்லை.

அந்த நெஞ்சத்தை நாடிய நாவல் 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வெளிவந்தது. ஆசிரியை மாடலீன் லெங்கிள் அம்மையார். நூலின் பெயர் 'எ ரிங்கிள் இன் டைம்', அதாவது 'காலத்தில் ஒரு சுருக்கம்'. யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்து அப்பொழுது ஓராண்டு நிறையவில்லை. அமெரிக்கரான ஜான் கிளென் அதே ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி பூமியைச் சுற்றி வந்தார். உலகமெல்லாம் ராக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்தத் தருணத்தில், ராக்கெட்டே ஏறாத விண்வெளிக் கதையொன்றை அவ்வம்மையார் வெளியிட்டார். புயல் வீசும் இரவில், பழைய வீட்டின் மேல்மாடத்து அறையில், ஒட்டுத்துணிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கும் மெக் மரி என்ற பள்ளிச் சிறுமியுடன் கதை ஆரம்பமாகிறது.

மெக்கின் தந்தை பௌதிக விஞ்ஞானி. நியூ மெக்ஸிகோவிலும் கேப் கனாவரலிலும் சர்க்காருக்காக வேலை செய்தவர். வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த அவருடைய கடிதங்கள் ஒருநாள் நின்றுபோயின. கடிதம் வந்து ஏறக்குறைய ஓராண்டாயிற்று என்பது ஊர்த் தபால் அலுவலகத்து அம்மாளுக்குத் தெரியும். அவள் வழியாக ஊருக்கும் தெரியும். மனைவியை விட்டு ஓடிப்போனவர் என்று ஊர் முணுமுணுக்கிறது. தாயும் விஞ்ஞானியே, வீட்டை ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில், பரிசோதனைக்கு உரிய எரிவாயு அடுப்பிலேயே இராச் சாப்பாட்டைக் கொதிக்க வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள், இரவில் மேஜையருகில் அமர்ந்து, பதில் எழுதாத கணவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அணுவையும் ஆகாயத்தையும் ஆராயும் ஒரு வீட்டில் தபாலுக்காக ஒரு குடும்பம் காத்துக்கிடக்கிறது என்ற இந்தச் சித்திரத்தில், அக்காலத்து அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றின் அந்தரங்கம் அடங்கியிருக்கிறது.

லெங்கிள் அம்மையார் 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய தந்தை சார்ல்ஸ் வாட்ஸ்வர்த் காம்ப் எழுத்தாளர். முதல் உலக யுத்தத்தில் விஷவாயு அவருடைய நுரையீரலைக் கெடுத்துவிட்டதென்று மகள் எழுதியிருக்கிறார். 1936இல் அவர் மரணத் தறுவாயில் இருந்தபொழுது, தொலைவிலுள்ள விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளால் உரிய நேரத்தில் வந்து சேர முடியவில்லை. பிற்காலத்தில் நடிகரான கணவருடன் கனெக்டிகட் மாநிலத்துக் கோஷன் என்ற சிற்றூரில் பழைய பண்ணைவீடொன்றில் குடியிருந்து, மளிகைக் கடை நடத்திக்கொண்டே எழுதிவந்தார். எழுதியவை திரும்பி வந்துகொண்டேயிருந்தன. நாற்பதாவது பிறந்தநாளன்று எழுதுவதையே விட்டுவிடத் தீர்மானித்தார் என்றால் அவருடைய மனநிலையை நாம் ஊகிக்கலாம். 1959இல் குடும்பத்தோடு காரில் பத்து வாரம் தேசத்தைக் குறுக்காகச் சுற்றி, இரவுகளில் கூடாரத்தில் தங்கிய யாத்திரையில்தான் இந்த நாவலின் கரு தோன்றியது. முடிந்த கையெழுத்துப் பிரதியை இருபதுக்கும் மேற்பட்ட பிரசுரகர்த்தர்கள் நிராகரித்தார்கள். கடைசியில் ஜான் ஃபாரர் என்பவர் ஏற்றார். 1963இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் தலைசிறந்த விருதாகிய நியூபெரி பதக்கம் அதற்குக் கிடைத்தது. நூலைத் தம் தந்தைக்கும் மாமனாருக்கும் அவர் சமர்ப்பித்தார். அவ்விருவர் பெயர்களையும் சேர்த்துத்தான் மெக்கின் தம்பியாகிய ஐந்து வயது மேதைக்குச் சார்ல்ஸ் வாலஸ் என்று பெயரிட்டார்.

கதையில் தூரத்தை வெல்லும் வழி மிக எளிமையாக விளக்கப்படுகிறது. ஆடையின் ஒரு பகுதியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஓர் எறும்பு ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஊர்ந்து செல்ல எவ்வளவு நேரமாகும் என்று காட்டுகிறார்கள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துவிடுகிறார்கள். துணி மடிந்துவிடுகிறது; எறும்பு நடக்காமலே மறுகரை சேர்ந்துவிடுகிறது. இப்படி மடிந்த வெளியின் வழியே மெக்கும் தம்பியும் நண்பனொருவனும் சென்று சேரும் கமாஸாட்ஸ் என்ற கிரகத்தில், ஒரே மாதிரியான வீடுகளின் முன் நின்று, குழந்தைகளெல்லாம் ஒரே தாளத்தில் பந்தடிக்கிறார்கள். ஒரு சிறுவனுக்கு மாத்திரம் தாளம் தவறுகிறது. அவனுடைய தாய் நடுநடுங்கிப்போகிறாள். தந்தை அங்கே சிறைப்பட்டிருக்கிறார்.

ஆசிரியையின் மேதாவிலாசம் வெளிப்படுவது தந்தையைக் கண்டுபிடித்த பிறகுதான். அவரைக் கண்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வந்த மகளுக்கு, அவரும் அஞ்சுகிறவர், பிழை செய்கிறவர், தம்பியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தவர் என்பது தெரிகிறது. அவள் அவர்மேல் கோபங்கொள்கிறாள், கசப்பாகப் பேசுகிறாள். பிறகு தம்பியை மீட்கத் தானே தனியாகத் திரும்பிச் செல்கிறாள். குடும்ப ரகசியத்தின் அடியில் குழந்தை காணும் கடைசி உண்மை, தந்தை ஒரு மனிதர் என்பதுதான். இதைக் கூசாமல் குழந்தைகளிடம் சொன்ன துணிவு போற்றத்தக்கது.

இந்தக் கதைக்குப் பின்னால் நிஜமான வழக்கமொன்று இருந்தது. அணுகுண்டைச் செய்வதற்காக 1943இல் நியூ மெக்ஸிகோவின் மேட்டுநிலத்தில் லாஸ் அலமாஸ் என்ற மறைவான ஊர் எழுப்பப்பட்டபொழுது, விஞ்ஞானிகள் மனைவி மக்களோடு அங்கே குடியேற்றப்பட்டார்கள். இருக்குமிடத்தை உற்றாருக்கும் சொல்லக்கூடாது, கடிதங்கள் தணிக்கையாயின. ஊருக்கு வெளியுலகம் அறிந்த முகவரி, சான்டா ஃபே நகரத்துத் தபால் பெட்டி எண் 1663 என்பதே. அங்கே பிறந்த சிசுக்களின் பிறப்புச் சான்றிதழிலும் பிறந்த இடமாக அந்தப் பெட்டி எண்ணே எழுதப்பட்டது. சோவியத் நாட்டிலும் இதே முறைதான். ராக்கெட் செய்யும் தொழிற்கூடங்களுக்குப் பகிரங்கமான பெயர் கிடையாது. 'தபால் பெட்டி' என்று ஓர் எண்ணைச் சொல்லுவார்கள். செய்தியைக் கொண்டுசேர்ப்பதற்கென்று ஏற்பட்ட தபாலையே, செய்தியை மறைக்கும் திரையாக இரண்டு வல்லரசுகளும் பயன்படுத்திக்கொண்டன. ககாரின் புறப்பட்ட ஏவுதளம் த்யூராத்தாம் என்ற ரயில் நிலையத்தருகே இருந்தது. உலகுக்கோ, அதற்கு 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பைக்கனூரின் பெயர் அறிவிக்கப்பட்டது.

ககாரினை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய செர்கேய் கொரொல்யோவின் வாழ்க்கையைப் படிக்கும்பொழுது, லெங்கிள் அம்மையாரின் கற்பனைகூட அடக்கமானதாகத் தோன்றுகிறது. 1907இல் ஜித்தோமிர் நகரில் பிறந்த அவர் சிறு குழந்தையாயிருந்தபொழுதே பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாய்வழிப் பாட்டனார் வீட்டில், நீஷின் என்ற ஊரில், விளையாட்டுத் தோழர் அதிகமில்லாத தனிமையில் வளர்ந்த அந்தப் பிள்ளையிடம், உன் தந்தை இறந்துவிட்டார் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் தந்தை 1929 வரை உயிரோடிருந்தார். அந்த ஊருக்கு 1911இல் உத்தோச்கின் என்ற விமானி வந்து பறந்து காட்டியபொழுது, பாட்டனாரின் தோள்மீது உட்கார்ந்து அதைக் கண்ட பையனுடைய மனத்தில், தந்தையின் இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் ஆகாயம் வந்து அமர்ந்ததோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

தமக்குச் சொல்லப்பட்டது போன்ற பொய் தம் மகளுக்கும் சொல்லப்படும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். 1938 ஜூன் 27ஆம் தேதி, பொய்க் குற்றச்சாட்டின் பேரில் அவர் கைதானார். கோலிமாவின் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டு, குளிரிலும் பசியிலும் பற்களை இழந்து, உயிர் பிழைத்ததே அதிசயம் என்னும்படி மாஸ்கோவுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டார். கைதானபொழுது மகள் நத்தாலியாவுக்கு வயது மூன்று. அப்பா விமானி, வேலையாக வெளியே பறந்து போயிருக்கிறார் என்றே குழந்தையிடம் சொல்லி வந்தார்கள். பிறகு ஒருநாள், கைதியைப் பார்க்க அனுமதி கிடைத்து, தாய் அவளைப் புத்தீர்க்கா சிறைச்சாலைக்கு அழைத்துச் சென்றாள். நாற்புறமும் உயர்ந்த சுவர்கள். நடுவே சிறு முற்றம். தந்தையைக் கண்ட குழந்தை, இவ்வளவு சின்ன முற்றத்தில் உங்கள் விமானத்தை எப்படி இறக்கினீர்கள் என்று கேட்டாள். தந்தை விடை கூறுமுன், பக்கத்தில் நின்ற காவலன், இங்கே வந்து இறங்குவது சுலபந்தான், திரும்பப் பறந்து போவதுதான் கஷ்டம் என்று சொன்னானாம். பின்னாளில் நத்தாலியாவே நினைவுகூர்ந்த செய்தி இது. எந்த நாவலாசிரியரும் இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க முடியாது.

1944இல் விடுதலையான கொரொல்யோவ், 1957 ஏப்ரலில்தான் நிரபராதி என்று முறைப்படி அறிவிக்கப்பெற்றார். அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி, அவருடைய ராக்கெட்டு 83.6 கிலோகிராம் எடையுள்ள முதல் ஸ்புட்னிக்கை ஆகாயத்தில் நிறுத்தியது. 1961 ஏப்ரல் 12ஆம் தேதி ககாரின் 108 நிமிஷத்தில் தம் யாத்திரையை முடித்துத் திரும்பினார். ககாரினுடைய முகத்தை உலகம் முழுவதும் அறிந்துகொண்டது. அவரை அனுப்பியவருக்குப் பத்திரிகைகளில் 'பிரதம வடிவமைப்பாளர்' என்ற பட்டம் மட்டுமே இருந்தது, பெயர் இல்லை. 'பிராவ்தா'வில் கட்டுரை எழுத வேண்டுமானால் பேராசிரியர் கே. செர்கேயெவ் என்ற புனைபெயரில் எழுதினார். 1966 ஜனவரி 14ஆம் தேதி அறுவை சிகிச்சையின்போது அவர் இறந்தார். 16ஆம் தேதிப் பத்திரிகையில் வந்த மரணச் செய்தியின் வாயிலாகத்தான் சொந்த நாட்டு ஜனங்களே அவர் பெயரையும் முகத்தையும் தெரிந்துகொண்டார்கள்.

ககாரினுடைய வீட்டிலும் மறைப்பு இருந்தது. மகன் எதற்காகப் போயிருக்கிறான் என்பது பெற்றோருக்குத் தெரியாது. வானொலி முழங்கிய பிறகே தெரிந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, தாம் திரும்பாமற்போனால் கொடுக்கப்படவேண்டும் என்று மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். மூத்த மகளுக்கு இரண்டு வயது நிறையவில்லை, இளையவள் பிறந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. குழந்தைகளைச் செல்லங்கொடுத்துக் கெடுக்காமல், உழைப்புக்கு அஞ்சாத மனிதர்களாக வளர்க்கும்படி அதில் கேட்டிருந்தார். அவர் பத்திரமாகத் திரும்பியதால் கடிதம் கொடுக்கப்படவில்லை. 1968 மார்ச்சில் விமான விபத்தில் அவர் மாண்ட பிறகே அது மனைவியின் கைக்கு வந்தது. ஏழு ஆண்டுகள் வழியில் கிடந்த அந்தக் கடிதத்தையும், மெக்கின் தாய் இரவில் எழுதிய கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்பொழுது, கதையையும் சரித்திரத்தையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

சோவியத் சிறுவர் இலக்கியத்தில் இந்த மறைப்புக்கு ஒரு மாற்றுச் சித்திரமும் உண்டு. 1965இல் கீர் புலிச்சோவ் என்ற பெயரில் ஒருவர், வருங்கால மாஸ்கோவில் வாழும் அலிஸா என்ற சிறுமியின் கதைகளை எழுதத் தொடங்கினார். அலிஸாவின் தந்தை விண்வெளி விலங்குகளைப் பராமரிக்கும் காட்சிசாலையின் தலைவர். அவர் போகுமிடமெல்லாம் மகளையும் அழைத்துக்கொண்டு போகிறார். 1974இல் வந்த அலிஸாவின் யாத்திரை நாவலிலும், காணாமற்போன வீரரொருவரைத் தேடிச் செல்வதே கதையின் மையம். இந்தக் கதைகளை எழுதியவர் உண்மையில் இகோர் மொஜேய்க்கோ என்ற கீழ்த்திசை ஆராய்ச்சியாளர். பர்மாவின் சரித்திரத்தில் வல்லவர். கதை எழுதுவது தெரிந்தால் ஆராய்ச்சி நிலையத்து மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று அஞ்சி, மனைவியின் பெயரான கீராவையும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் சேர்த்துப் புனைபெயர் செய்துகொண்டார். கதாநாயகிக்குத் தம் மகளின் பெயரையே வைத்தார். 1982இல் அரசாங்கப் பரிசு கிடைத்தபொழுதுதான் இந்த மறைவு வெளிப்பட்டது. தந்தை தம் வேலையை மகளிடம் ஒளிக்காத ஓர் உலகத்தை எழுதிக்காட்ட, தம் பெயரையே அவர் ஒளிக்கவேண்டியிருந்தது.

2015இல் மற்றொரு செய்தி வந்தது. லெங்கிள் அம்மையாரின் பேத்தி, பாட்டியின் தட்டெழுத்துப் பிரதியிலிருந்து, அச்சாகாமல் விடப்பட்ட சில பக்கங்களை வெளியிட்டார். கமாஸாட்ஸ் கிரகம் எப்படி அப்படி ஆயிற்று என்று மெக் கேட்க, பாதுகாப்பை எல்லாவற்றுக்கும் மேலாக விரும்பும் எந்த நாடும் அப்படி ஆகக்கூடும் என்று தந்தை விளக்கும் பகுதி அது. நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரால்தானே நீஷின் பையனான கொரொல்யோவின் பெயரும், லாஸ் அலமாஸ் குழந்தைகள் பிறந்த ஊரும் மறைக்கப்பட்டன!

நத்தாலியா கொரொல்யோவா வளர்ந்து அறுவை மருத்துவரானார். முதுமையில், தந்தையின் கடிதங்களையும் வழக்கு ஆவணங்களையும் திரட்டி, அவர் அடைபட்டிருந்த இடங்களையும் தேடி அறிந்து, பெரியதொரு வரலாற்று நூலை எழுதினார். அதற்கு 'தந்தை' என்றே பெயரிட்டார். மூன்று வயதில் சொல்லப்பட்ட பொய்க்கு ஒரு பெண் தன் ஆயுளின் பிற்பகுதியைச் செலவிட்டு எழுதிய மறுமொழி அது.

நம் சிறுவர்களுக்காகக் கதை எழுதுகிறவர்களுக்கும், வீட்டில் கதை சொல்லுகிறவர்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது ஒன்றே. குழந்தைக்கு நட்சத்திரங்களைக் காட்டுங்கள். அங்கே போகும் வழியையும் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளே இருக்கும் உண்மையை, அதனுடைய வயதுக்குத் தாங்கும் அளவில், அதனிடமிருந்து ஒளிக்காதீர்கள். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல நேர்ந்தால், எந்த ஊர் என்பதையும் சொல்லிவிடுங்கள்.